எந்த வண்டின் பிள்ளை இது?

சென்ற மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுக் காலியான இடத்துக்கு வந்த உதவிப் பேராசிரியை. மரபணு பார்க்கும் கருவி ஒன்று வருகிறதாம், ஆய்வுக்கூடத்தில் இடம் போதவில்லையாம். அலமாரியில் பூச்சிகளை ஊறப்போட்டு வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டில்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "மேடம், கோவிச்சுக்கிராதீங்க. ஒரு காலை ஒடிச்சுப் போட்டா எந்த வண்டுக்கு எது சொந்தம்னு மெஷினே சொல்லிருது. நீங்க எதுக்கு இம்புட்டு வருஷம் புழுவோட தலைமயிரப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கருவி வருவதில் எனக்கு முழுச் சந்தோஷம். அந்தக் காலம் மாதிரி வருமா என்று புலம்புகிற ரகம் இல்லை நான். அது அன்றைக்கே கிடைத்திருந்தால் எத்தனையோ புழுக்கள் பிழைத்திருக்கும், என் வீட்டுக்காரரும் கொசுக்கடியிலிருந்து தப்பித்திருப்பார். ஆனால் கருவி சொந்தத்தை மட்டும்தான் சொல்லும். அந்தச் சொந்தங்கள் எப்படிப் பிரிந்தன, எது கரையேறிப் பிழைத்தது, எது வாயை மாற்றிக்கொண்டது என்பதற்குப் புழுவின் உடம்பைத்தான் பார்த்தாக வேண்டும். இரண்டும் வேண்டும். இதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது என்று தோன்றியதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திண்டுக்கல்லிலேயே பிறந்து, திருச்சியில் படித்து, மறுபடியும் ஊருக்கே வந்து கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை ஆனவள். கல்யாணம், பிள்ளைகள், விடைத்தாள் கட்டு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பகுதிநேரமாக ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். "மருமக எடுக்குற வயசுல பூச்சி புடிக்கப் போறாளாம்" என்று என் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னது என் காதுக்கே வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் எங்கள் துறையிலேயே மூத்தவரான குமாரசாமி சார். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும். "ஏனுங்கம்மா" என்று ஆரம்பித்தால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. "தயவு செஞ்சு கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றால் அந்த வாரத்து வேலை முழுக்கக் குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம்.

அவர் நுண்ணோக்கியில் பார்க்கிற விதமே தனி. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். நாங்கள் கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருக்கும் பெயரை ஒரு துண்டுத் தாளால் மூடுவார். பெயரைப் படித்துவிட்டால் கண் அதற்கு ஏற்ற மாதிரிதான் பார்க்கும் என்பது அவர் கட்சி. பார்த்ததைப் பென்சிலால் தானே வரைந்து, என் படத்தைப் பக்கத்தில் வைப்பார். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு வார்த்தை பேச மாட்டார். போகாவிட்டால், "இன்னொருக்காப் பாத்துருங்க." எந்த இடத்தில் தப்பு என்று மட்டும் சொல்லவே மாட்டார். மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

நீர்வண்டுகளில் புழுவைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த வண்டுகள் எல்லாம் ஒரே தண்ணீரில் நீந்துகின்றன. நீந்தி நீந்தி உடம்பு வழவழப்பாகி, கால்கள் துடுப்பாகி, எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. பஸ் ஸ்டாண்டில் காக்கி உடுப்போடு நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்களா? புழுவோ வேறு வாழ்க்கை வாழ்கிறது. வண்டு மறைத்துவிடுகிற சங்கதிகள் புழுவின் தலையில் அப்படியே இருக்கும்: தாடையில் எத்தனை பல், நெற்றி ஓரத்தில் என்ன வெட்டு, முள்மயிர்கள் எந்தெந்த இடத்தில் முளைத்திருக்கின்றன. தாடைகூட தின்கிற இரைக்குத் தக்கபடி மாறலாம். மயிர் முளைக்கிற இடம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால்தான் தலைமயிர்.

பார்க்கிற முறை இது. புழுவின் தலையைத் தனியாக எடுத்து, காஸ்டிக் கரைசலில் மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சதை கரைந்து, தலையின் ஓடு மட்டும் கண்ணாடித் தாள்போல நிற்கும். சூடு கொஞ்சம் கூடினால் அந்த ஓடும் போய்விடும். பிறகு கிளிசரினில் போட்டு, விளக்குமாற்று ஈர்க்குச்சியில் சொருகிய மெல்லிய ஊசியால் நிமிர்த்த வேண்டும். மயிர் ஒடிந்துபோயிருந்தால் பயப்பட வேண்டாம், அது நின்ற குழி இருக்கும். குழியைப் படத்தில் குறிக்க வேண்டும். குழி இல்லாத இடத்தில் மயிர் இருந்திருக்கும் என்று நாமாக வரைந்தால், குமாரசாமி சார் தயவு செய்து உட்காரச் சொல்லிவிடுவார்.

இனி எரியோட்டுக் கதைக்கு வருகிறேன். எரியோடு பக்கத்தில் ஐப்பசி மழைக்கு நிரம்பி மாசிக்குள் வற்றிப்போகும் குளம் ஒன்று உண்டு. அதில் இரண்டு சிறிய வண்டுகள் இருந்தன. ஒன்று வலை போட்டபோதெல்லாம் கைநிறைய வரும், பழுப்பு நிறம். நாங்கள் பழுப்பன் என்று கூப்பிடுவோம். இன்னொன்று அபூர்வம், முதுகில் மெல்லிய வரிகள். அது வரியன். புத்தகங்கள் எல்லாம் இரண்டையும் நெருங்கிய சொந்தம் என்று ஒரே பேரினத்தில் வைத்திருந்தன.

அதே குளத்தில் இரண்டு விதப் புழுக்களும் கிடைத்தன. அதிகமாகக் கிடைத்த புழுவுக்கு இடது தாடையும் வலது தாடையும் வெவ்வேறு மாதிரி. அதற்குக் கோணவாயன் என்று பெயர் வைத்தேன். கரையோரப் பாசிக்கு அடியில் எப்போதாவது கிடைத்த இன்னொரு புழுவுக்கு இரண்டு தாடையும் ஒன்றுபோல இருந்தன. அவன் நேர்வாயன். வாய் மட்டுமல்ல, தலைமயிர் முளைத்திருந்த இடங்களும் இரண்டுக்கும் ஒட்டவே ஒட்டவில்லை. சொந்தம் என்று சொல்ல வழியே இல்லாத இரண்டு தலைகள். அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே தெரிந்த புழுக்களின் தலை கோணவாயனுடையதைப் போலத்தான் இருக்கும்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதிகம் கிடைக்கும் கோணவாயன் அதிகம் கிடைக்கும் பழுப்பனின் புழு, அபூர்வமான நேர்வாயன் அபூர்வமான வரியனின் புழு. ஆகவே வரியன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவனே அல்ல, தவறுதலாக உள்ளே வைக்கப்பட்ட வெளியாள். முழு அத்தியாயத்தையும் எழுதி, டைப் செய்து, படங்களோடு சார் மேசையில் வைத்தேன்.

படித்து முடித்துவிட்டு, "தயவு செஞ்சு கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தேன்.

"இந்தப் புழு அந்த வண்டோட பிள்ளைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"ரெண்டும் ஒரே குளத்துல ஒண்ணா இருந்துச்சு சார்."

"நானும் நீங்களும் ஒரே பஸ்ஸுல வாறோமுங்க. அதுக்காக நான் உங்க அப்பாவுங்களா?"

எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு இது. கூட்டத்தோடு கூட்டத்தைச் சேர்த்துவிடுவது. புழுவை உயிரோடு வளர்த்து வண்டாக்கிப் பார்த்தால் மட்டுமே சாட்சி உண்டு. ஆனால் வளர்த்தால் புழு இல்லாமல் போய்விடும், தலையைப் பார்க்க முடியாது. தலையைப் பார்க்க வேண்டுமானால் கொல்ல வேண்டும், பிறகு என்ன வண்டு ஆகியிருக்கும் என்று தெரியாது. இதற்கு ஒரே வழி சட்டை. கூட்டுப்புழு ஆகும்போது, பாம்பு சட்டை உரிப்பதுபோல, புழு தன் தோலை உரித்துப் போட்டுவிடும். தாடையும் மயிர்க்குழிகளும் அந்தத் தோலில் அப்படியே இருக்கும். வண்டையும் அதன் சட்டையையும் புழு மண்ணுக்குள் குடைந்த ஒரே அறையிலிருந்து எடுத்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது.

நாங்கள் அதுவரை பிடித்த நேர்வாயன்களை எல்லாம் கரையிலேயே ஸ்பிரிட்டில் போட்டிருந்தோம். வலையில் விழுந்ததும் கை பாட்டிலுக்குப் போவது பழக்கம். உயிரோடு ஒன்றுகூட இல்லை. குளமோ வற்ற ஆரம்பித்துவிட்டது. சாருக்கு அந்த மே மாதத்தோடு பணி ஓய்வு. எனக்குக் கொடுத்திருந்த நீட்டிப்பும் அதே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் வேறு வழிகாட்டி தேடி, மறுபடியும் பதிவு செய்து, முதலிலிருந்து நடக்க வேண்டும். அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு வெறும் மயிர்ப் பட்டியல்.

கல்லூரி முடிந்ததும் எரியோட்டு பஸ் பிடித்து, முழங்கால் சேற்றில் நின்று பாசியை அலசினேன். ஒரு சின்னக் கூட்டம் நேர்வாயன்கள் கிடைத்தன. கோணவாயன்களையும் சேர்த்தே வளர்க்கச் சொன்னார் சார். அது எதற்கு, அதில் என்ன சந்தேகம் என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தயிர் டப்பா. இரைக்குக் கொசுப்புழு வேண்டும். பின்கட்டில் ஒரு வாளியில் தண்ணீரைத் திறந்து வைத்துக் கொசு வளர்த்தேன். என் வீட்டுக்காரர் அருள் பள்ளிக்கூட ஆசிரியர். "ஊரே கொசுவ ஒழிக்குது, நீ மட்டும் வளக்குற" என்று கேலி செய்வார். ஆனாலும் நான் கல்லூரிக்குப் போன நாட்களில் ஒவ்வொரு டப்பாவுக்கும் மை நிரப்பியால் கொசுப்புழு எடுத்துப் போடுவது அவர்தான்.

நன்றாகக் கொழுத்த புழுக்கள் இரையைத் தொடாமல் டப்பா ஓரத்தில் ஏறப் பார்த்தால், மண்ணுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். இந்த வண்டுகள் தண்ணீரை விட்டு ஏறி, ஈர மண்ணுக்குள் ஒரு சிற்றறை குடைந்து, அங்கேதான் கூட்டுப்புழு ஆகும். இரண்டு நேர்வாயன்களைக் குளத்து மண் போட்ட கண்ணாடித் தம்ளர்களுக்கு மாற்றினேன். மற்றவை இன்னும் தின்றுகொண்டிருந்தன.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், டப்பாக்களில் புழுக்கள் எல்லாம் வளைந்து, வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. கோணவாயன், நேர்வாயன் எல்லாம். அருள் முகம் வெளுத்து நிற்கிறார். "எப்பவும் போலத்தான் எரை போட்டேன் ஸ்டெல்லா. செத்த நேரத்துல சுருண்டுருச்சு."

வெளியே போய் வாசல் சுவரைப் பார்த்தேன். சாக்பீஸில் அன்றைய தேதி எழுதியிருந்தது. கொசுப்புழு ஒழிப்புக்கு வீடு வீடாக வருகிற பஞ்சவர்ணம் வந்து போயிருக்கிறார். அருள் குளித்துக்கொண்டிருந்தபோது பின்கட்டு வாளியைப் பார்த்து மருந்தை விட்டுவிட்டு, அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாளியிலிருந்துதான் அருள் இரை எடுத்திருக்கிறார். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் நான் அழுதேன். பிள்ளைகள் பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் தெருமுனையில் பஞ்சவர்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசரவே இல்லை. "என்ன டீச்சர், ஊருக்குச் சொல்லிக் குடுக்குறவக வீட்டுலயே இம்புட்டுப் புழுவா? பக்கத்து வீட்டுப் பச்சப்பிள்ளைக்கு டெங்கு வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். மறுபடியும் புழு கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில், வாளிக்கு மேல் கொசுவலை கட்டுவதென்றும், வாரா வாரம் அவர் வந்து வலையைச் சோதிப்பதென்றும் ஒப்பந்தம் ஆயிற்று. சோதிக்க வந்தவர் போகிறபோது, "அந்த மண்ணுக்குள்ள கெடக்குறது பொழைக்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குளம் அதற்குள் வற்றிவிட்டதால் மிச்சம் அந்த இரண்டு தம்ளர்கள்தான். ஒன்றில் புழு கண்ணாடியை ஒட்டியே அறை குடைந்திருந்தது. சுற்றியிருந்த கறுப்புத் தாளை விலக்கினால் வெள்ளைக் கூட்டுப்புழு தெரியும். ஒரு வாரத்தில் அதன் வயிற்றோரம் பூஞ்சை பஞ்சுபோல் முளைத்தது. அது சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொன்று மண்ணுக்கு நடுவில் போயிருந்தது. இருக்கிறதா செத்ததா என்றே தெரியாது.

சார் வீட்டுக்கே வந்தார். அருள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, தொறந்து பாத்துரலாமுங்களா?"

"கூட்டுப்புழுவா இருந்தா செத்துரும் சார். கூட்டுப்புழுவ வச்சு என்ன வண்டுன்னு சொல்ல முடியாது."

"அப்ப அந்த அத்தியாயத்த எடுத்துட்டு மிச்சத்தக் குடுத்துருங்க. பட்டம் வந்துருமுங்க. நான் போறதுக்குள்ள உங்களக் கரையேத்தீட்டுப் போகணுமுங்க."

அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுள்ளென்று ஏறியது. "பட்டத்துக்காகப் பூச்சி புடிக்க வரல சார்" என்றேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்க இஷ்டமுங்க" என்று போய்விட்டார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் திறக்கவில்லை. மண் காயாமல், நனையாமல், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். மே மாதக் கடைசியில் ஒரு காலை மண்ணின் மேல் சின்ன வெடிப்பு. அதற்குள் வெளிறிய, இன்னும் உடம்பு இறுகாத வண்டு. நிறம் ஏறும்வரை அதைத் தொடாமல் விட்டேன். நிறம் ஏறியதும் முதுகைப் பார்த்தேன். வரிகள் இல்லை. பழுப்பு.

பழுப்பன்.

மண்ணைப் பிரித்து அறையின் அடியில் கசங்கிக் கிடந்த சட்டையை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து விரித்தேன். தாடைகள் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. குழப்பத்துக்கு இடமே இல்லை. வரியனின் பிள்ளை என்று நான் அச்சடித்து வைத்திருந்த நேர்வாயன் பழுப்பனின் பிள்ளை. கையில் அள்ளி அள்ளி எடுத்த வண்டின் புழு கரைப்பாசிக்கு அடியில் ஒளிந்து வாழ்கிறது, அதனால்தான் வலையில் விழவில்லை. இவ்வளவுதான் விஷயம். என் அத்தியாயத்தின் அத்தனை பக்கமும் பொய்.

சட்டையை விரித்து வைத்த கண்ணாடிச் சில்லோடும் வண்டோடும் கல்லூரிக்குப் போனேன். சார் பெயரை மறைத்துப் பார்த்தார், வரைந்தார், என் படத்தைப் பக்கத்தில் வைத்தார். இந்த முறை பேசினார்.

"நீங்க எழுதுனது தப்புங்க. ஆனா ரெண்டும் சொந்தமில்லைன்னு சொன்னீங்க பாருங்க, அது பாதி நிக்குதுங்க."

மீதிப் பாதி கோணவாயன். அவன் வரியனின் பிள்ளையா, அல்லது யாருடைய பிள்ளையோ என்று தெரிய வேண்டும். குளத்தில் அப்போது வெடித்த களிமண்தான் இருந்தது. அந்தப் பாதியோடு ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தேதியைப் போகவிட்டேன். சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வேறு ஒரு வழிகாட்டியிடம் மறுபடியும் பதிவு செய்தேன். நாத்தனார் என்ன சொன்னார் என்று விசாரிக்கவில்லை.

ஐப்பசி மழைக்குக் குளம் நிரம்பியதும் கோணவாயன்களை அள்ளி வந்தேன். பஞ்சவர்ணம் வலையைச் சோதித்தார், அருள் இரை போட்டார். கார்த்திகை முடிவதற்குள் வண்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வரி. சிறகு இறுகியதும் பறந்து போய்விடுகிற வண்டு அது, அதனால்தான் குளத்தில் அபூர்வம். நாங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக நினைத்திருந்த பழுப்பன்தான் வெளியாள்.

சாருக்குப் போன் போட்டேன். முருங்கைத் தோட்டத்தில் இருந்தார், பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, அதுக ரெண்டும் கூடப்பொறந்ததுகன்னு நான் வாத்தியாரா இருந்த காலம் பூராச் சொல்லிக் குடுத்தேனுங்க. அப்படி எழுதாத பிள்ளைகளுக்கு மார்க்கக் கொறச்சேனுங்க."

"புத்தகத்துல அப்படித்தானே சார் இருந்துச்சு."

"இருந்துச்சுங்க. நானும் ஒருக்கா வளத்துப் பாத்திருக்கலாமுங்க." பிறகு, "நாளைக்கு மூணாம் வருசத்துக்கு வகுப்பு இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்கு சார்."

"மாத்திச் சொல்லிருங்க. குமாரசாமி சொன்னது தப்புன்னு பேரச் சொல்லியே சொல்லுங்க. போன வருசம் எங்கிட்டக் கேட்டவங்களும் அதுல இருப்பாங்க."

மறுநாள் வகுப்பில் இரண்டு வண்டுகளையும் இரண்டு தலைகளையும் கரும்பலகையில் வரைந்தேன். அதுவரை தைரியமாகத்தான் இருந்தேன். அவர் பெயர் வருகிற இடத்தில் தண்ணீர் குடித்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அவர் சொல்லச் சொன்னபடியே, பெயரோடு சொன்னேன்.